சூரியனுக்கு முதுகு காட்டும் தகடு

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறோமென்று நிம்மதியாயிருந்த திருவண்ணாமலையை மறுநாளே மழையால் மூழ்கடித்ததையும், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து எழுவர் மாண்டதையும் இவ்வூரார் மறக்கமாட்டார்கள். அந்நாட்களில் வங்கக் கடலின் மேகங்களை இரவும் பகலும் பார்த்துவந்த கண்களில் ஒன்று, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் இன்சாட்-3டிஆர் என்னும் செயற்கைக்கோள். அக்கண்ணைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதற்கு நம் விஞ்ஞானிகள் பட்ட பிரயாசை போதிய அளவு போற்றப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இருளில் மேகத்தைக் காட்டிக்கொடுப்பது அதிலிருந்து வெளிப்படும் உஷ்ணக் கிரணமே. உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு உயரத்துக்கு மேகம் எழும்பியிருக்கிறது என்று பொருள். ஆனால் அக்கிரணத்தை உணரும் கருவியும் உஷ்ணமுள்ள பொருள்தானே? கண்முன் தீவட்டியைப் பிடித்துக்கொண்டு அண்ணாமலை உச்சியின் தீபத்தைத் தேடுவது போலாகும் அது. ஆகையால், மெர்குரி காட்மியம் டெல்லுரைடு என்னும் சேர்மத்தாலான உணர்வுச் சில்லைப் பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 170 டிகிரி வரை குளிர்விக்கிறார்கள்.

குளிர்விக்கும் வழி ஒன்றல்ல. 1991-இல் அமெரிக்கர் அனுப்பிய கிளேஸ் என்னும் வளிமண்டலக் கருவி உறைந்த நியானைச் சுமந்து சென்றது. 1993 மே மாதத்தில் நியான் தீர்ந்தது, கருவியின் ஆயுளும் தீர்ந்தது. 2002-இல் சென்ற அவர்களுடைய ஏர்ஸ் கருவி யந்திரத்தால் குளிர்கிறது. இன்சாட் கருவிகளுக்கோ தீரும் சரக்குமில்லை, ஓடும் யந்திரமுமில்லை. இருண்ட ஆகாயத்தை நோக்கிய ஒரு தகடு தன் உஷ்ணத்தை அங்கே உமிழ்ந்து குளிர்கிறது.

கேட்பதற்கு எளிது. ஆனால் 27 டிகிரியில் ஒரு சதுர மீட்டர்க் கரும்பரப்பு 459 வாட் உமிழுமென்றால், பூஜ்யத்துக்குக் கீழே 173 டிகிரியில் அது உமிழ்வது 5.7 வாட்டுக்கும் குறைவு. சாண் நீளமும் சாண் அகலமும் உள்ள தகடாயின் ஏறத்தாழ கால் வாட். அந்த அற்ப வருமானத்துக்குள் செலவை அடக்க வேண்டியிருப்பதால், மயிரிழை போன்ற கம்பி வழியே உள்ளே கசியும் உஷ்ணத்தைக்கூடக் கணக்குப் பார்க்காமல் விடுவதற்கில்லை.

சூரியத் தகடுகள் பரப்பிய இறக்கையும் உஷ்ணமுள்ளதே. அதன் உஷ்ணமோ ஒளியோ குளிர்தகட்டின் பார்வையில் படலாகாதென்று, இறக்கையை ஒரு புறம் மட்டும் வைத்தார்கள். அதனால் ஒருபுறம் மட்டும் அழுத்தும் சூரிய ஒளி செயற்கைக்கோளையே திருப்ப முயன்றபடியால், முதலிரு இன்சாட் வரிசைகளில் மறுபுறம் ஒரு பாயைக் கட்டிச் சமன் செய்தார்கள். 1982-இல் சென்ற இன்சாட்-1ஏ-யில் அந்தப் பாய் விரியவேயில்லை.

சூரியன் ஆறு மாதம் வடபாலும் ஆறு மாதம் தென்பாலும் நிற்பதால், குளிர்தகட்டின் மேலேயே பாதி ஆண்டு வெயில் விழும் இன்னொரு தொல்லையும் உண்டு. 2013-இல் ஏவப்பட்ட இன்சாட்-3டி முதற்கொண்டு அதற்குக் கண்ட உபாயம், பங்குனியிலும் புரட்டாசியிலும் பகலிரவு சமமாகும் நாட்களையொட்டிக் கோள் முழுவதையுமே அரைவட்டம் திருப்பி, இறக்கையை வெயிற்புறமும் குளிர்தகட்டை நிழற்புறமும் இருத்துவதாகும்.