அழுகையும் ஒரு மன்றாட்டு



நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மயிலாப்பூரை அடுத்த கியூபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்தில் கல்லறைகளை மந்திரித்துவிட்டுத் திரும்பும்போது, மனைவியை இழந்த பெரியவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். "ஃபாதர், ராத்திரி தூக்கம் வரலன்னா அவளை நினைச்சுப் பாட்டு எழுதுறேன். கடவுள் சித்தம்னு ஏத்துக்காம இப்படிப் புலம்புறது பாவமா?" என்று கேட்டார்.

நம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. எத்தனையோ துக்க வீடுகளில், "அழாதீங்க, கடவுள் சித்தம்" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் நாமே. அவர் தன் பாட்டை மறைத்து வைத்ததற்கு நம் சொல்லும் ஒரு காரணமாக இருக்கலாம்.

திருவிவிலியம் அப்படிச் சொல்லவில்லை. சவுலும் யோனத்தானும் போரில் மடிந்தபோது தாவீது இரங்கற்பா பாடினார். அதை யூதா மக்களுக்குக் கற்பிக்கவும் கட்டளையிட்டார் (2 சாமு 1:17-27). கி.மு. 587இல் எருசலேம் அழிந்தது. அந்த அழிவைப் பாடும் புலம்பல் நூலின் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரேய மொழியின் 22 எழுத்துகளின் வரிசையில் அமைந்தவை. அதாவது, அகரவரிசையில் அழுதிருக்கிறார்கள்! எல்லாம் சிதறிய வேளையில் எழுத்தின் வரிசையைப் பற்றிக்கொண்டார்கள். பாட்டு துயரத்தைப் போக்கிவிடவில்லை. அதைத் தூக்கிச் சுமக்க ஒரு பிடி கொடுத்தது.

மெரினாவில் சிலையாக நிற்கும் வீரமாமுனிவர் இதை அறிந்தவர். தேம்பாவணியில், தாய் எலிசபெத்தை இழந்த கருணையன், அதாவது திருமுழுக்கு யோவான், கானகத்தில் தனியே கதறுகிறார்; பறவைகளும் உடன் அழுகின்றன. புனிதரை அழவைக்க அந்தக் குருவானவர் தயங்கவில்லை. நம் சென்னையின் மரண கானாவும் இறந்தவரின் வாழ்வைச் சொல்லி விடிய விடியப் பாடுவதுதானே?

பாட்டு வராதவருக்கு வண்ணம் உண்டு. நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க், 1877இல் தன் அக்கா சோஃபியைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். 1885-86இல் 'நோயுற்ற சிறுமி' என்ற ஓவியத்தைத் தீட்டினார். அடுத்த நாற்பது ஆண்டுகளில் அதே காட்சியை மேலும் ஐந்து முறை தீட்டினார். 'இன்னுமா ஆறவில்லை?' என்று கேட்கத் தோன்றும். அன்பு அவ்வளவு சீக்கிரம் ஆறுவதில்லை.

இலாசரை உயிர்ப்பிக்கப் போவதை ஆண்டவர் அறிந்திருந்தார். அறிந்தும் அழுதார் (யோவா 11:35). அப்படியானால் கண்ணீர் எப்படி விசுவாசக் குறைவாகும்?

பெரியவரிடம் இவ்வளவும் நாம் சொல்லவில்லை. "எழுதுங்க ஐயா. அடுத்த முறை கோயிலுக்கு வரும்போது அந்த நோட்டை எடுத்துட்டு வாங்க" என்றோம்.

எழுதவும் வரையவும் தெரியாதவர்கள், இறந்தவரின் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதித் திருப்பலிக்குக் கொண்டுவருவோம். உணவும் உறக்கமும் நாள்கணக்கில் அற்றுப்போனால் மருத்துவரையும் நாடுவோம். துக்க வீட்டில் "அழாதீங்க" என்பதற்குப் பதிலாக, "அவங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டு அருகில் அமர்வோம்.

சிலுவையடியில் நின்ற வியாகுல அன்னை நமக்காக வேண்டிக்கொள்வாராக. ஆமென்.