குழாயை மூடிவிட்டுக் கிளம்புங்கள்

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு யெல்லோஸ்டோன் பக்கம் கிளம்புவது இப்போது சகஜமாகிவிட்டது. அடுப்பு, ஃபிரிட்ஜ், கட்டில், கழிப்பறை எல்லாம் சக்கரத்தின் மேல். சாவியைக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் விளக்குவார்கள். கேஸுக்கும் பேட்டரிக்கும் நிறைய நேரம் போகும், தண்ணீருக்குக் கடைசி இரண்டு நிமிடம்தான் மிஞ்சும். அந்த இரண்டு நிமிடத்தை இங்கே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், அவசரமில்லை.

வண்டிக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்றால் மழைதான் காரணம் என்று நினைப்போம். மழையும் கெடுக்கும், ஆனால் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கெடுக்கும். ஒரே மதியத்தில் தரை முழுக்கத் தண்ணீர் நிற்கிறது என்றால், பெரும்பாலும் அது நாமே கொண்டுபோய் மாட்டிய ஹோஸ் செய்த வேலை. அதுவும் நல்ல வெயில் நாளில்.

வண்டிக்குள் தண்ணீர் வர இரண்டு வழி உண்டு. ஒன்று, வண்டியிலேயே இருக்கும் நன்னீர்த் தொட்டி. நடுத்தர ஆர்.வி.யில் ஏறக்குறைய 150 லிட்டர் பிடிக்கும். சின்ன 12 வோல்ட் பம்ப் ஒன்று அதை இழுத்துக் குழாய்க்கு அனுப்பும். மற்றொன்று, முகாமில் உள்ள குழாயிலிருந்து ஹோஸ் வழியாக நேரே வருவது. முதல் வழியில் எங்கேயாவது பைப் விட்டுக்கொண்டாலும் தொட்டி காலியானதும் கசிவு நின்றுவிடும். இரண்டாவதற்கு அளவே கிடையாது. கழன்றுபோன ஒரு பைப் நிமிடத்துக்கு 15 லிட்டரை எளிதாகக் கொட்டும். நீங்கள் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஊற்று பீறிடுவதைப் பார்த்துவிட்டு வருவதற்குள், கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகள் மிதந்துகொண்டிருக்கும். ஆகவே முதல் பழக்கம் இதுதான்: வண்டியை விட்டு எல்லோரும் கிளம்பினால் முகாம் குழாயைத் திருகி மூடிவிடுங்கள். பத்து நிமிட நடைக்கும் அதுதான் விதி. பம்ப் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

பைப் ஏன் கழல்கிறது? அழுத்தத்தால். ஆர்.வி.யின் உள் குழாய்கள் 40 முதல் 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குள் வேலை செய்வதற்கானவை. முகாம்களிலோ ஓரிடத்தில் 30 இருக்கும், மலையடிவாரத்து இன்னொரு இடத்தில் 100-ஐத் தாண்டும். உள்ளே ஓடும் பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் பைப் 23 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 160 பி.எஸ்.ஐ. வரை தாங்கும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டுச் சிலர் தைரியமாக இருந்துவிடுகிறார்கள். பைப் தாங்கும், ஆனால் அதன் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பும், குழாயின் வாஷரும், கழிப்பறை வால்வும் தாங்க வேண்டுமே. அவைதான் முதலில் விடும்.

இதற்கு மருந்து பிரஷர் ரெகுலேட்டர் என்ற சின்னப் பித்தளைக் கருவி. வண்டிப் பக்கம் மாட்டாமல் முகாம் குழாயின் வாயிலேயே மாட்டுங்கள். அப்போதுதான் ஹோஸுக்கும் பாதுகாப்பு. அழுத்தத்தைக் காட்டும் முள்ளோடு, அதை நாமே திருகி வைத்துக்கொள்ளும் வகையைத்தான் நான் சொல்வேன். 50-இல் வைத்துவிட்டால் ஷவரும் நன்றாக வரும், இணைப்பும் பிழைக்கும். விலை குறைந்த, நிலையான அளவு கொண்டதை வாங்கினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது என்று சொல்லி இரண்டாம் நாளே கழற்றி வைத்துவிடுவீர்கள். அதற்கு வாங்காமலே இருக்கலாம்.

கசிவு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு செலவில்லாத சோதனை உண்டு. முகாம் குழாயை மூடுங்கள். ஹோஸைக் கழற்றி, பம்பை மட்டும் போட்டு, எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டுச் சும்மா இருங்கள். பம்ப் ஒரு முறை உறுமி நின்றுவிட வேண்டும். யாரும் குழாயைத் திறக்காமலே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது தானாக ஓடினால் எங்கோ அழுத்தம் குறைகிறது என்று பொருள். பம்பின் ஒருவழி வால்வு தேய்ந்திருக்கலாம். ஆனால் முதலில் தேட வேண்டியது கசிவை. டார்ச்சும் ஒரு துண்டு டிஷ்யூ காகிதமும் எடுத்துக்கொண்டு, சிங்க்குக்கு அடியில், கழிப்பறைக்குப் பின்னால், ஹீட்டர் அருகில் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரிந்துவிடும்.

அந்த ஒருவழி வால்வு தேய்ந்தால் இன்னொரு கூத்தும் நடக்கும். முகாம் தண்ணீர் பம்ப் வழியாகப் பின்னோக்கிப் போய் நன்னீர்த் தொட்டியை நிரப்ப ஆரம்பிக்கும். நம் ஊர் மேல்நிலைத் தொட்டியில் இருப்பதுபோல் மிதவை வால்வு இதில் கிடையாது. நிரம்பி வழிந்து, வழியும் குழாய் போதாவிட்டால் தொட்டியே உப்பிக்கொள்ளும். வண்டிக்கு அடியில் காரணமில்லாமல் தண்ணீர் ஒழுகினால் இதையும் சந்தேகியுங்கள்.

இனி உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகும் கதை. சிங்க், ஷவர் தண்ணீர் கிரே டேங்க்குக்கும், கழிப்பறை பிளாக் டேங்க்குக்கும் போகும். கிரே டேங்க் நிரம்பியதை யாரும் சொல்லமாட்டார்கள். ஷவர் தரையில் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஏறி வந்து அதுவே சொல்லும். இருப்பதில் தாழ்வான வாய் அதுதான். பிளாக் டேங்க் விஷயம் இதைவிட மோசம். காலால் மிதித்துத் தண்ணீர் விடும் அந்தக் கழிப்பறையில், மிதியை விட்டபிறகும் வால்வு சரியாக மூடாமல் மெல்ல ஒழுகிக்கொண்டிருந்தால், கிண்ணம் நிரம்பித் தரையில் வழியும். அடி ரப்பர் தேய்ந்திருந்தால் சத்தமில்லாமல் தொட்டிக்குள் இறங்கி, தொட்டி நிரம்பிய பிறகு மேலே வரும். என்ன வரும் என்று டீ குடிக்கும் நேரத்தில் விளக்க வேண்டாம். அந்தத் தொட்டியைக் கழுவத் தனி ஹோஸ் வாய் வைத்திருப்பார்கள். கழிவு வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே நின்றபடிதான் அதில் தண்ணீர் விட வேண்டும். போன் பேசப் போய்விடாதீர்கள்.

யெல்லோஸ்டோனில் குளிரும் சேர்ந்துகொள்ளும். பூங்காவுக்குள் தண்ணீர், மின்சாரம், கழிவு மூன்றையும் வண்டியோடு இணைத்துக்கொள்ளும் வசதி ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க்கில் மட்டும்தான். ஏறக்குறைய 7,800 அடி உயரம். கோடையிலும் சில இரவுகள் உறைநிலையைத் தொடும். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரியும், அதைத் தாங்காமல் இணைப்புகள் விரிசல் விடும். அந்த விரிசல் காலையில் ஐஸ் உருகிய பிறகுதான் தெரியவரும். இரவில் ஹோஸைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டு, தொட்டித் தண்ணீரில் காலத்தை ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

சரி, மழைக்கு வருவோம். ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை துருத்திக்கொண்டு நிற்கும் வண்டிதான் வாடகைக்கு அதிகம் கிடைப்பது. வேகமாக ஓடும்போது மழை அந்த முகப்பில்தான் அறையும். வண்டியை வாடகைக்கு எடுக்கும்போதே அந்த மெத்தையைத் தூக்கி மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். பலகை அமுங்கினால், கறை இருந்தால், போட்டோ எடுத்துக் கடைக்காரரிடம் காட்டிவிட்டு வேறு வண்டி கேளுங்கள். சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை கூரையில் ஏறி, ஏசி, காற்றோட்ட மூடி, ஆன்டெனா ஆகியவற்றைச் சுற்றியுள்ள சீலன்ட்டைப் பார்க்க வேண்டும். வெடித்திருந்தால் கூரைக்கென்றே விற்கும் சீலன்ட்டைப் பூசுங்கள். சிலிகான் வேண்டாம், பிறகு அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது. ஜன்னல் சட்டத்தின் கீழே வெளிப்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். உள்ளே சேரும் மழைநீர் வெளியேறும் வழி அது. அதை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிட்டு, ஜன்னல் ஒழுகுகிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. பக்கவாட்டில் நீளும் அறை இருந்தால், உள்ளே இழுக்கும் முன் அதன் கூரையில் நிற்கும் தண்ணீரையும் சருகையும் தள்ளிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்துவது அழகுதான். 2010 ஜூன் 11 விடியற்காலையில் ஆர்கன்சாவின் ஆல்பர்ட் பைக் முகாமில், லிட்டில் மிசூரி ஆறு ஒரே இரவில் 3 அடியிலிருந்து 23 அடிக்கு மேல் ஏறியது. உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 20 பேர் இறந்தார்கள். 2025 ஜூலை 4 அன்று டெக்சஸில் குவாடலூப் ஆறு, கரையோர ஆர்.வி. பார்க்குகளில் நின்ற வண்டிகளை ஆட்களோடு அடித்துக்கொண்டு போனது. இரண்டு அடி ஓடும் தண்ணீர் பெரும்பாலான வாகனங்களைத் தூக்கிவிடும். மலைப் பள்ளத்தாக்குகளில் போன் சிக்னலை நம்ப முடியாது. பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்றை வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். முன்பதிவு செய்யும்போது ஆறு தெரியும் இடத்துக்குக் கூடுதலாகக் கேட்பார்கள். அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். மேட்டில் இருக்கும் இடத்தைக் கேட்டு வாங்குங்கள்.