எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பாத்திரம்: அளவறிந்து வாங்கும் முறை

வார்ப்பிரும்புப் பாத்திரம் பல்லாண்டு உழைக்கக்கூடியது. ஆகையால் அதை வாங்குகையில் அளவில் நேரும் பிழையும் பல்லாண்டு நிலைத்துவிடும். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளின் குடும்பங்கள் இதனை வாங்குமுன் சில விஷயங்களைக் கவனித்தல் அவசியம்.

மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பவர் 1707-இல் உரிமை பெற்றார். வெறும் இரும்பில் புளிக்குழம்பு நெடுநேரம் இருந்தால் இரும்பு கரைந்து, குழம்பு கறுத்துச் சுவை கெடும். எனாமல் என்பது இரும்பின்மேல் உருக்கிப் படியவைத்த ஒருவகைக் கண்ணாடிப் பூச்சு. புளி அதனைத் தாக்குவதில்லை.

அளவைக் கணக்கிடும் முறை வருமாறு. ஆள் ஒருவருக்கு வேளைக்குக் கால் லிட்டர் குழம்பு எனக் கொண்டால், அறுவருக்கு இரு வேளைக்கும் 3 லிட்டர் வேண்டும். பொங்கி வழியாதிருக்கப் பாத்திரத்தில் முக்கால் பங்குக்குமேல் நிரப்பலாகாது. ஆகவே 4 லிட்டருக்குக் குறையாத பாத்திரம் தேவை. 24 சென்டிமீட்டர் விட்டமும் 10 சென்டிமீட்டர் ஆழமும் உடையது சுமார் 4½ லிட்டர் கொள்ளும். அறுவர் குடும்பத்திற்கு இதுவே ஏற்றது. நால்வருக்கு 20 சென்டிமீட்டர் விட்டமும் 9 சென்டிமீட்டர் ஆழமும் போதும். பதின்மருக்கு 28 சென்டிமீட்டர் விட்டமும் 11 சென்டிமீட்டர் ஆழமும் வேண்டும். விட்டம் சிறிது கூடினாலும் கொள்ளளவு பெரிதும் கூடும் என்பதை மறத்தலாகாது.

அடுத்துக் கவனிக்கத்தக்கது எடை. 28 சென்டிமீட்டர் பாத்திரம் மூடியுடன் சுமார் 6½ கிலோ இருக்கும். அதில் 5 லிட்டர் குழம்பு நிறைந்தால் பதினொரு கிலோவிற்கு மேலாகும். இத்தகைய பாத்திரத்தைச் சாய்த்துக் கொதிக்கும் கஞ்சியை வடித்தல் ஆபத்தானது. கை சிறிது நழுவினும் மேலெல்லாம் வெந்துபோகும். எனவே சோறு வடிப்பதற்கு வழக்கமான பானையையே வைத்துக்கொண்டு, இதனைக் குழம்பு, கூட்டு, கறி முதலியவற்றிற்கு மட்டும் பயன்படுத்துவது நலம்.

அடுப்பும் பாத்திரமும் பொருந்த வேண்டும். வார்ப்பிரும்பில் வெப்பம் மெல்லவே பரவும். சிறிய எரிவாயு அடுப்பின்மேல் அகன்ற பாத்திரத்தை வைத்தால் நடுப்பாகம் தீய்ந்து ஓரம் வேகாது. பெரிய பாத்திரத்தில் சிறிதளவு சமைத்தாலும் நீர் விரைவில் வற்றி அடிபிடிக்கும்.

நடவு, அறுவடைக் காலங்களில் பன்னிரண்டு ஆட்களுக்குச் சமைக்க நேரிடுமே என்று பெரிய பாத்திரம் வாங்குவோர் உண்டு. ஆளுக்கு 200 கிராம் அரிசி வீதம் 2 கிலோ 400 கிராம் அரிசி, சோறானபின் ஏழு லிட்டருக்கு மேல் வரும். அது மேற்கூறிய எதிலும் அடங்காது. சில நாள் வேலைக்கு அண்டாவே தக்கது. ஆண்டு முழுதும் உண்போர் தொகையைக் கொண்டே பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடையில் லிட்டர்ப் படியால் நீர் ஊற்றிக் கொள்ளளவை நேரில் அறியலாம். வீட்டில் அன்றாடம் சமைப்பவரே பாத்திரத்தை இரு கைகளாலும் தூக்கிப் பார்த்தல் வேண்டும். வெறுமையாக இருக்கும்போதே கனக்குமாயின், ஓரளவு சிறியதை வாங்குவதே உத்தமம். சூடான பாத்திரத்தில் குளிர்ந்த நீர் ஊற்றினால் பூச்சு வெடிக்கும். ஆறியபின்னரே கழுவ வேண்டும்.

கிராம அலுவலர்கள் இவ்விவரங்களை மகளிர் குழுக்களில் எடுத்துரைத்தால் வீண்செலவும் தீப்புண்ணும் குறையும்.