சுழலும் யந்திரத்தின் கணித உருவம்

ஒரு தேசத்தின் மின்வலையில் பிரதானமான கம்பியொன்று திடீரென அறுந்துபோனால் என்ன நேரும் என்பதை, அவ்வலையையே அறுத்துப் பார்த்து அறிந்துகொள்ள ஒருவராலும் இயலாது. ஆகையால், நூற்றுக்கணக்கான மைல் இடைவெளியில் நின்றும் ஒரே லயத்தில் சுழலும் சிங்க்ரனஸ் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றையும் சமன்பாடுகளாக்கிக் கம்ப்யூட்டரில் அமைத்து, வரக்கூடிய அபாயத்தை அங்கே வரவழைத்துப் பரீட்சிப்பதையே மின்பொறியாளர்கள் மார்க்கமாகக் கொண்டிருக்கிறார்கள்.

இதில் உள்ள சிரமம் யந்திரத்தின் சுழற்சியிலேயே அடங்கியிருக்கிறது. நடுவே சுழலும் ரோட்டரின் காந்தத் துருவங்கள், சுற்றிலும் அசையாது நிற்கும் ஸ்டேட்டரின் மூன்று சுருள் தொகுதிகளையும் க்ஷணத்துக்கு க்ஷணம் நெருங்கியும் விலகியும் செல்வதால், அவற்றுக்கு இடையேயுள்ள தூண்டல் குணகங்கள் ஓரிடத்தில் நில்லாமல் மாறிக்கொண்டே இருக்கின்றன. துருவத்தின் திசையை ஓர் அச்சாகவும் அதற்குக் குறுக்கான திசையை மற்றோர் அச்சாகவும் கொள்ளும் முறையைப் பிரான்ஸ் தேசத்து ஆந்த்ரே ப்ளோண்டெல் முன்பே வகுத்திருந்தார். அவ்வழியிலே சென்று 1929ஆம் ஆண்டில் அமெரிக்கரான ராபர்ட் பார்க் வெளியிட்ட ஆய்வுரை, ராட்டினத்தில் ஏறியவனுக்குக் கூட ஏறியவன் அசையாதிருப்பதாகத் தோன்றுவதைப் போல, ரோட்டரோடு தானும் சுழலும் ஒருவனுடைய திருஷ்டியில் அந்தக் குணகங்கள் யாவும் மாறிலிகளாகிவிடுகின்றன என்று நிரூபித்தது. இத்தனை எளிமையாக ஒரு பெருஞ்சிக்கலை அவிழ்த்த கணிதச் செயல் பொறியியலில் அபூர்வம் என்றே கருதுகிறேன். இன்றைய மென்பொருள்களும் அவ்வஸ்திவாரத்தின் மீதே நிற்கின்றன.

ஆயினும் சமன்பாடு சத்தியமாக இருந்தால் மட்டும் போதாது. அதிலே இடும் எண்களும் சத்தியமாக இருக்கவேண்டும். 1996 ஆகஸ்ட் 10ஆம் தேதி, மேற்கு அமெரிக்காவில் கம்பிகள் சில மரங்களில் பட்டுச் செயலிழக்க, கொலம்பியா நதியின் மக்நேரி அணையில் 13 ஜெனரேட்டர்கள், ரோட்டரைக் காந்தமாக்கும் மின்சாரத்தைத் தரும் எக்சைட்டரின் பாதுகாப்புக் கோளாறினால் அடுத்தடுத்து விலக, மின்வலை முழுவதும் எழுந்த அலைவு வளர்ந்து வளர்ந்து, வலையை நான்கு துண்டுகளாகப் பிளந்து, சுமார் 75 லட்சம் வாடிக்கையாளர்களை இருளில் ஆழ்த்திற்று. பின்னர் அதே சம்பவத்தை, அக்காலத்தில் வழக்கிலிருந்த தரவுகளைக் கொண்டு கம்ப்யூட்டரில் நடத்திப் பார்த்தபோது, அலைவு அடங்கிவிடும் என்றே விடை வந்தது! டர்பைன்களின் வேகத்தை ஆளும் கவர்னர்கள் பல, தரவில் எழுதியிருந்தபடி உண்மையில் இயங்கவில்லை. மின்சுமையின் சுபாவமும் வலையிலிருந்த நேர்மின்னோட்ட (டி.சி.) இணைப்பின் கட்டுப்பாடும் உள்ளபடி சித்திரிக்கப்படவில்லை. பார்க்கின் கணிதத்தில் தோஷம் இல்லை. அதன்பின் அப்பிரதேசத்தில், ஜெனரேட்டர்களை நேரில் பரிசோதித்து, அளந்த வளைவோடு கணித்த வளைவு பொருந்தும்வரை எண்களைத் திருத்துவது நியதியாயிற்று.