மலர்ப் பள்ளத்தாக்கில் ஒரு களை

உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குப் போவதென்றால் ஜூலை, ஆகஸ்டில் போங்கள். பூக்கள் நிறைந்திருக்கும், மழையும்தான். உள்ளே இரவு தங்க அனுமதியில்லை. காங்காரியாவில் தங்கி, காலையிலேயே நடக்கத் தொடங்குங்கள்.

பூக்களோடு, இடுப்பளவு புதராக மண்டும் பாலிகோனம் களையையும் கவனியுங்கள். 1982-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின் ஆடு மேய்க்கத் தடை வந்தது. ஆடுகள் கடித்தும் மிதித்தும் அடக்கிவைத்த செடி, அதன்பிறகு தழைத்துக் குட்டைச் செடிகளுக்கு வெயில் படாமல் மூடிக்கொண்டது என்பது தடையைக் குறை சொல்பவர்கள் வாதம். ஆய்வாளர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆனாலும் மேய்ச்சல்காரர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. இப்போது வனத்துறை ஆள்வைத்துக் களையெடுக்கிறது. மண்ணுக்குள் வேர்த்தண்டு துண்டு தங்கினாலும் மறுபடி முளைத்துவிடும். வயலில் கோரையோடு போராடியவர்களுக்கு அந்தப் பாடு தெரியும்.