பூனைக்காலி விதையும் மூளையும்

பழனிமலைச் சாரலில் வாழும் பளியர் பூனைக்காலி என்னும் கொடியின் விதையை உணவாகக் கொள்வதுண்டு. ஆனால் அதை ஒருமுறை வேகவைத்தவுடன் உண்ணமாட்டார்கள். வெந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் வார்த்து மீண்டும் வேகவைப்பர். இவ்வாறு பலமுறை செய்த பின்னரே அது உணவாகும். நீரோடு கழிந்து போகும் பொருள் யாது?

1937-ஆம் ஆண்டில் எம். தாமோதரன், ஆர். ராமஸ்வாமி என்னும் சென்னை இரசாயன அறிஞர் இருவர் இவ்விதையிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் பெயர் லெவோடோபா. 1961-இல் வியன்னா நகர வைத்தியர்கள் அதைக் கம்பவாத நோயாளிகளுக்குக் கொடுத்தபோது, அசைய இயலாதிருந்தவர் பலர் எழுந்து நடமாடினர். மூளையை அடைந்ததும் அது டோபமைன் என்னும் பொருளாக மாறுகிறது. கம்பவாதத்தில் குறைந்து போவது இந்த டோபமைனே.

இன்று பூனைக்காலிச் சூரணமும் மாத்திரையும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. "மூலிகைதானே, கெடுதல் என்ன?" என்று கம்பவாதமுள்ள பெரியவருக்கு வீட்டார் அன்போடு வாங்கிக் கொடுக்கின்றனர். அவர் உண்ணும் வைத்தியர் மாத்திரையிலும் பெரும்பாலும் லெவோடோபாவே இருக்கும். ஆகவே, ஒரே மருந்தை இருமடங்காகக் கொடுத்ததாகிறது. குமட்டல், எழுந்து நிற்கையில் மயக்கம், கைகால்கள் தாமே நெளிதல், இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றுதல் ஆகியவை இதனால் நேரக்கூடும். விதைக்கு விதை சத்தின் அளவு வேறுபடுவதால், கணக்கிட்டுக் கொடுப்பதும் எளிதன்று.

சூரணத்தோடு பி-6 வைட்டமினை மிகுதியாக உண்பதில் வேறொரு கேடு உண்டு. லெவோடோபா மூளையை எட்டுமுன்பே உடலில் டோபமைனாக மாறிவிடும். அவ்வாறு மாறியது மூளைக்குள் புகாது, மருந்து வீணாகும். மனச்சோர்வுக்குரிய பழைய மருந்துகளில் எம்.ஏ.ஓ. தடுப்பு என்ற வகையுடன் இச்சூரணம் சேர்ந்தாலோ, இரத்த அழுத்தம் திடீரென ஏறி உயிருக்கே அபாயம் விளையலாம்.

நம் நாட்டு மூலிகைகளிடம் பற்றுக் கொள்வது நன்றே. எனினும், பற்று வேறு, பரீட்சை வேறு. வைத்தியரிடம் செல்லும்போது வீட்டிலுள்ள சூரணம், லேகியம், வைட்டமின் அனைத்தையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள். நெடுநாள் உண்டு வந்ததைத் திடீரென நிறுத்துவதும் தீங்கு தரும். அதையும் அவரைக் கேட்டே செய்யவேண்டும். மலைவாசி உணவிற்கே இத்தனை எச்சரிக்கையாயிருக்க, கற்ற நாம் மருந்தில் அசட்டையாயிருத்தல் தகுமோ?