அணுவைக் காக்கும் வேலி

புதிதாக நட்ட மரக்கன்றைச் சுற்றி முள்வேலி இடுவது உழவர் வழக்கம். வேலி கன்றுக்கு உயிர் தருவதன்று; ஆடும் மாடும் அதனை நெருங்காமல் தடுப்பதே அதன் பணி. கண்ணுக்குப் புலனாகாத அணுக்களைச் சுற்றியும் வேதியியல் அறிஞர் இத்தகைய வேலியை அமைக்கின்றனர்.

கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று இரட்டைப் பிணைப்பால் எளிதில் இணையும். தனிம அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே நிற்பது மணலில் மிகுந்துள்ள சிலிக்கன். இதுவும் இரட்டைப் பிணைப்புக் கொள்ளுமா? இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பிரெடரிக் கிப்பிங் என்பார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிலிக்கனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த சேர்மங்களைத் தேடினார். பிசின் போன்ற பொருள்களே கிடைத்தன. சிலிக்கன், பாஸ்பரஸ் போன்ற தனிமங்களின் பெரிய அணுக்கள் தமக்குள் இரட்டைப் பிணைப்புக் கொள்ளா என்பது நாளடைவில் ஒரு விதியாகவே கற்பிக்கப்பட்டது.

உண்மை வேறு. அப்பிணைப்பு தோன்றாமல் இல்லை. தோன்றிய நொடியிலேயே அண்டை மூலக்கூறுகள் அதனைத் தாக்கி அழித்தன. தாக்குவோரை விலக்கினால் அது நிலைக்குமன்றோ?

1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இராபர்ட் வெஸ்ட் குழுவினர் இதனை மெய்ப்பித்தனர். இரண்டு சிலிக்கன் அணுக்களைச் சுற்றி, மெசிட்டைல் எனும் பருத்த கரிம அணுக்கூட்டங்கள் நான்கினை அவர்கள் பொருத்தினர். மைய அணுவுடன் இணையும் இத்தகைய கூட்டங்களை ஈனிகள் என்பர். அவ்வேலிக்குள் சிலிக்கன் இரட்டைப் பிணைப்பு நிலைத்தது. காற்றுப் படாதவாறு வைத்தால் கெடாத மஞ்சள் நிறத் திண்மம் கிடைத்தது. அதே ஆண்டில் ஜப்பானில் யோஷிஃபுஜி குழுவினர், பருத்த ஈனிகளின் துணையால் பாஸ்பரஸ் அணுக்களிடையே இரட்டைப் பிணைப்பை நிலைநிறுத்தினர். 2004ஆம் ஆண்டில் செகிகுச்சி குழுவினர் சிலிக்கன் முப்பிணைப்பையே பச்சை நிறப் படிகமாகப் பெற்றனர்.

எனினும், வாயில் இல்லாத வேலியால் பயன் குறைவு. 2005ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பிலிப் பவர் குழுவினர், பருத்த ஈனிகள் சூழ்ந்த ஜெர்மேனியச் சேர்மம் ஒன்று, அறை வெப்பநிலையிலேயே ஹைட்ரஜன் வாயுவுடன் வினைபுரியக் கண்டனர். பெரிய மூலக்கூறுகளைத் தடுத்த வேலி, சிறிய ஹைட்ரஜனுக்கு வழிவிட்டது. இடைநிலை உலோகங்களுக்கே உரியது எனக் கருதப்பட்ட வினை, பிற தனிமங்களுக்கும் இயலும் என்பது இதனால் விளங்கியது.

இயலாது என்று ஒதுக்கப்பட்டது, உண்மையில் காவலின்றிக் கிடந்ததே ஆகும். ஒரு முயற்சி தோற்றவிடத்து, ‘இஃது இயலாது’ எனத் துணிதல் எளிது. அது தோற்ற காரணத்தை ஆராய்தலே அறிவியல்.